1947ஆம் ஆண்டு இறப்பு வீழ்ச்சியும் அளவைசார் ஆய்வின் வடிவங்களும்

இலங்கையின் குடித்தொகை வரலாற்றை எழுதப் புகுந்தோர் அனைவரும் 1947ஆம் ஆண்டில் சற்றுத் தரித்து நின்றே அப்பாற் செல்வர். 1946இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 14 ஆக இறங்கிற்று. உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை 1946இல் 141, 1947இல் 101. மேற்கு ஐரோப்பிய நாடுகள் பல தசாப்தங்களில் எய்திய மாற்றம் இச்சிறு தீவிற் பன்னிரண்டே மாதங்களில் நிகழ்ந்ததாக அக்காலத்தில் வியந்துரைக்கப்பட்டது. வியப்பைத் தொடர்ந்து விளக்கமும் வந்தது. வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, நுளம்பு மடிந்தது, மலேரியா ஒடுங்கியது, மக்கள் பிழைத்தனர். நான்கு வாக்கியங்களில் அடங்கிவிடும் இவ்விளக்கம், எளிமையினாலேயே, பாடநூல்களிலும் இடம்பெற்றது.

இவ்விளக்கம் இலங்கைக் கரையோடு நின்றுவிடவுமில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் கிங்ஸ்லி டேவிஸ், வறிய நாடுகளில் ஏற்பட்ட வியத்தகு இறப்பு வீழ்ச்சி பற்றி 1956இல் எழுதியபோது இலங்கையையும் சான்றாகக் கொண்டார். ஒரு நாட்டின் பொருளாதாரம் பெரிதும் வளராத நிலையிலும் வெளியிலிருந்து வரும் மலிவான தொழில்நுட்பத்தால் மரணத்தைக் குறைத்துவிடலாம் என்பதே அவ்வாதத்தின் சாரம். இதன் மறுபக்கத்தை இலங்கையர் எளிதில் உணரலாம். தெளிமருந்தே எல்லாவற்றையும் சாதித்ததெனின், பங்கீட்டு அரிசிக்கும், கிராமிய வைத்தியசாலைக்கும், மருத்துவிச்சிக்கும், 1945இல் வந்த இலவசக் கல்விக்கும் செலவிட்ட பணம் எந்த உயிரைக் காத்தது என்று திறைசேரி கேட்கக்கூடும். ஆகவே இது நுளம்பைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. நலன்புரி அரசைப் பற்றிய வழக்குமாகும்.

இவ்வழக்கிற் கலந்துகொண்டோர் பெரும்பாலும் ஒரே ஏடுகளிலிருந்தே தம் எண்களை எடுத்தனர். எனினும் அவர்களின் முடிபுகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நின்றன. எதனை எதனோடு ஒப்பிடுவது என்பதில், அதாவது ஆய்வின் வடிவமைப்பில், அவர்கள் வேறுபட்டமையே அதற்குக் காரணம். அளவைசார் ஆய்வின் வகைகளைப் பாடநூல்கள் வரையறைகளாக அடுக்கித் தருகின்றன. அவை ஒரே சான்றின்மீது ஒன்றன்பின் ஒன்றாகப் பொருதிய வரலாற்றை இலங்கையின் 1947 காட்டுகிறது.

முதலில் அந்த ஏடுகளைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவு இலங்கையில் 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துடன் ஒழுங்குபெற்றது. முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்று 24 இலட்சம் மக்களைக் கணக்கிட்டது. அதன்பின் பத்தாண்டுக்கொருமுறை மதிப்பீடு நடந்தது. ஆசியாவில் இத்தகைய நீண்ட, ஒழுங்கான தொடர் அரிது. அதனாலேயே வெளிநாட்டறிஞர் கண்கள் இத்தீவின்மீது விழுந்தன. ஆனால் தொடரின் மிக முக்கியமான இடத்தில் ஒரு கிழிசல் உண்டு. 1931ஆம் ஆண்டு மதிப்பீடு பொருளாதார மந்தத்தின் காரணமாகச் சுருக்கப்பட்டது. 1941இல் நடைபெற வேண்டியது போரினால் 1946க்குத் தள்ளிப்போயிற்று. எனவே பதினைந்து ஆண்டுகளுக்கு இறப்பு வீதத்தின் தொகுதியெண் பதிவேட்டிலிருந்து வந்தது. பகுதியெண்ணோ திணைக்கள எழுதுவினைஞரின் மதிப்பீட்டிலிருந்து வந்தது. கோட்டைக்குப் புகைவண்டியேறிச் சென்று, ஏடுகளைக் கூட்டிக் கழித்து, மாலையில் வெள்ளவத்தைக்குத் திரும்பிய அரசாங்க எழுதுவினைஞருள் தமிழர் கணிசமானோர். உலகறிந்த விவாதமொன்றின் மூலப்பொருளைத் தாம் ஆக்கிக்கொண்டிருந்ததை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

மலேரியாவுக்கு வருவோம். 1934இல் பருவமழை பொய்த்தது. ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் வற்றி மணற்படுக்கைகளிற் குட்டைகளாயின. தெளிந்த தேங்குநீரில் முட்டையிடும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்புக்கு அக்குட்டைகள் தொட்டிலாயின. 1934 ஒக்ரோபர் முதல் 1935 ஏப்ரில் வரையிலான ஏழு மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மலேரியாவுக்குப் பழகிய வறண்ட வலயத்தைவிட, கேகாலை, குருநாகல் ஆகிய இடைநிலப் பகுதிகளே பேரழிவைக் கண்டன. 1935ஆம் ஆண்டின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 36ஐத் தாண்டியது. அக்கொடுமையை நேரிற் கண்ட தலைமுறையே பன்னிரண்டு ஆண்டுகளின் பின் டி.டி.ரி.யையும் கண்டது. அத்தலைமுறைக்கு எண்களைக் காட்டி ஐயமெழுப்புவது எளிதன்று.

நான்கு வாக்கிய விளக்கம் தங்கியிருக்கும் வடிவம் மிகப் பழையது. ஒரு குழுவை எடுத்துக்கொண்டு, செயலுக்கு முன்னும் பின்னும் அளந்து, வேறுபாட்டைச் செயலின் பயனெனக் கொள்வதே அது. கல்வியியல் ஆய்வாளருக்காக 1963இல் ஆய்வு வடிவங்களை வகைப்படுத்திய டொனால்ட் கம்பெல், ஜூலியன் ஸ்ரான்லி ஆகிய இருவரும் இதனைப் பரிசோதனைக்கு முற்பட்ட நிலையினது என ஒதுக்கிவைத்தனர். காரணம் வெளிப்படை. அளவைகள் இரண்டுக்குமிடையில் உலகம் நின்றுவிடுவதில்லை. 1945இல் போர் முடிந்தது. கடல் வழி திறந்தது. உணவு இறக்குமதி சீரடைந்தது. சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வைத்தியசாலைகளை அடைந்தன. புதிய வைத்தியசாலைகளும் பிரசவ நிலையங்களும் எழுந்தன. இவையனைத்தும் 20க்கும் 14க்கும் இடையிலான அதே இடைவெளிக்குள்ளேயே நிகழ்ந்தவை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பதிலாக முப்பது ஆண்டுகளை வரிசையில் வைத்தால் காட்சி மாறுகிறது. இதனையே காலத்தொடர் வடிவம் என்பர். இறப்பு வீதம் இருபதுகளிலிருந்தே, 1935 என்னும் கொடுமுடியை நீக்கிப் பார்த்தால், இறங்கிக்கொண்டிருந்தது. 1941, 1942 ஆகிய ஆண்டுகளில் அது 20க்குக் கீழேயும் வந்துவிட்டது. 1943 முதல் 1945 வரை 21, 22 என மீண்டும் ஏறியது. ஆகவே 1946ஐ ஒட்டிய ஆண்டுகளைத் தொடக்கக் கோடாகக் கொள்பவர் போர்க்காலத்து இடர் நிறைந்த ஒரு மேட்டில் நின்றுகொண்டு பள்ளத்தை அளக்கிறார். பள்ளம் உண்மையிலும் ஆழமாகவே தோன்றும். எனினும் 1947இன் செங்குத்தான இறக்கத்தை இத்தொடரும் முற்றாக விழுங்கிவிடுவதில்லை. 1942இன் நிலையிலிருந்து பார்த்தாலும் அது பெரிய இறக்கமே.

இந்த இடத்திற்றான் கொழும்பு கதைக்குள் நுழைகிறது.

கொழும்பில் நுளம்புக்குக் குறைவில்லை. வெள்ளவத்தைக் கால்வாயோரத்தில் வாழ்ந்தவரிடம் இதனை எடுத்துக் கூறவேண்டியதில்லை. ஆயின் அங்கு கடித்தது கியூலெக்ஸ் இனம். தென்மேற்குக் கரையில் யானைக்கால் நோயைப் பரப்பியது அது. தெளிந்த ஆற்றுக்குட்டையை நாடும் குலிசிபேசிஸ், கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தோட்டக் குடியிருப்புகளுக்கிடையே ஓடிய அழுக்குக் கானில் முட்டையிடாது. கொழும்பு நகர், களுத்துறை, காலி ஆகிய தென்மேற்குக் கரையோரப் பகுதிகளும், உயரத்தினாற் காக்கப்பட்ட நுவரெலியாவும் மலேரியா நிலைகொண்ட பகுதிகள் அல்ல. டி.டி.ரி.யே இறப்பைக் குறைத்ததெனின், குறைப்பதற்கு மலேரியாவே இல்லாத இவ்விடங்களில் 1947இல் இறப்பு வீதம் அசையாதிருக்க வேண்டும்.

அசையாதிருக்கவில்லை. அவ்விடங்களிலும் இறப்பு வீழ்ந்தது. கொழும்பிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்றொழிலியல் கற்பித்த கலும்பைன், 1950இல் வெளியிட்ட நீண்ட புள்ளிவிபர ஆய்வில், வீழ்ச்சியை மலேரியாவுக்கு மட்டும் உரியதாக்க முடியாதென்று கருதினார். பின்னர் ஹரால்ட் பிரெடெரிக்சன் 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் மலேரியா உள்ள, அற்ற பகுதிகளை அருகருகே வைத்து, உணவும் பொருளாதார நிலையும் மேம்பட்டமையே வீழ்ச்சியின் அடிப்படை என வாதிட்டார். இலங்கையரான எஸ். ஏ. மீகம 1967இல் அவ்வொப்பீட்டை மேலும் கூர்மைப்படுத்தி, சுகாதார சேவைகளின் விரிவை முன்னிறுத்தினார். ஒருவரும் திட்டமிடாமலே கொழும்பு ஒரு கட்டுப்பாட்டுக் குழுவாகிவிட்டது. 1854இல் இலண்டன் வீடுகளை இரு குடிநீர்க் கம்பனிகளுக்கேற்பப் பிரித்து வாந்திபேதி மரணங்களை எண்ணிய ஜோன் ஸ்னோவின் முறைக்கு இது தூரத்து உறவு எனலாம்.

தூரத்து உறவு என்பதற்குக் காரணமுண்டு. ஸ்னோவின் வீடுகள் ஒரே தெருவில் அடுத்தடுத்து நின்றவை. குடித்த நீரைத் தவிரப் பிறவற்றிற் பெரும்பாலும் ஒத்தவை. கொழும்பும் அநுராதபுரமும் எவ்வகையில் ஒத்தவை? கொழும்புக்கு 1880களிலிருந்தே லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வந்தது. துறைமுகமும் பெரியாஸ்பத்திரியும் அங்கிருந்தன. கொழும்பின் அயலான களுத்துறையிலோ 1926இலேயே நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டு, தாய் சேய் நலப்பணி வீடுவீடாகச் சென்றது. ஒப்பீட்டுக்கென எடுத்த பகுதி வேறொரு மருந்தை முன்பே அருந்தியிருந்தது என்றே கூறவேண்டும். குழுக்கள் ஒத்தவையல்லாத இவ்வடிவத்தைப் பரிசோதனை போன்றது என்பர். 'போன்றது' என்ற சொல்லில் ஆய்வாளனின் தவிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இன்னுமொரு சிக்கல் ஏட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்தது. இலங்கையில் மரணம் நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படும்; இறந்தவர் வாழ்ந்த ஊரில் அன்று. குருநாகலிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கொழும்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிர்நீத்தவர் கொழும்பின் கணக்கிற் சேர்வார். இதனாற் கொழும்பின் இறப்பு வீதம் உள்ளதைவிட உயர்ந்தும், நோயுள்ள மாவட்டத்தின் வீதம் உள்ளதைவிடத் தாழ்ந்தும் தோன்றும். மலேரியாவினால் விளைந்த வேறுபாடு ஓரளவு மறைந்துபோகும். போர்க்காலமும் தன் பங்கைச் செலுத்தியது. 1942 ஏப்ரில் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசியபின் கொழும்பைவிட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். தமிழ்க் குடும்பங்கள் பல யாழ்ப்பாணத்துக்கு மீண்டன. குடிசன மதிப்பீடற்ற அவ்வாண்டுகளில் நகரின் குடித்தொகை எவ்வளவென்று கொண்டு வீதத்தைக் கணிப்பது?

நுவரெலியாவைப் பற்றியும் ஒரு சொல். மலேரியா அற்றது என்ற ஒரே தகுதியால் அது கொழும்பின் அணியிற் சேர்க்கப்பட்டது. ஆனால் லயங்களில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் மாவட்டத்தையும், வெள்ளவத்தையின் உத்தியோகத்தர் குடும்பங்களையும் ஒரே நிரலில் எழுதும் அட்டவணை, ஒரு காரணியிற் கண்ணை ஊன்றியதால் மற்றெல்லாவற்றையும் மறந்த அட்டவணையாகும். நாடெங்கும் சிசு மரணம் வீழ்ந்த பின்னைய தசாப்தங்களிலும் தோட்டப் பகுதிகளில் அது நீண்டகாலம் உயர்ந்தே நின்றது.

பகுதிகளை உள்ளவை, அற்றவை என இரண்டாகப் பிளப்பதைவிட, எவ்வளவு உள்ளது என அளப்பது மேல் எனக் கருதியவர் பீற்றர் நியூமன். அதற்கான அளவுகோல் முன்னரே இருந்தது. மலேரியா மீண்டும் மீண்டும் தாக்கிய பிள்ளையின் மண்ணீரல் வீங்கும். பாடசாலைப் பிள்ளைகளை நிரையாக நிறுத்தி, வயிற்றைத் தடவிப் பார்த்து, வீக்கமுள்ளோரின் சதவீதத்தை மாவட்டந்தோறும் குறித்து வைத்திருந்தனர் மலேரியா அதிகாரிகள். இம்மண்ணீரல் வீதத்தை ஓரச்சிலும் இறப்பு வீதத்தை மற்றையதிலும் குறித்து, புள்ளிகளினூடாக ஒரு கோட்டை வரைவதே பிற்செலவு முறை. கோட்டின் சரிவு மலேரியாவின் பங்கைக் கூறும். மண்ணீரல் வீதம் பூச்சியமாகுமிடத்தில் கோடு நிற்கும் உயரம், மலேரியா அடியோடு நீங்கினாலும் எஞ்சும் மரணத்தைக் கூறும். அந்தப் பூச்சிய முனையில் நிற்பவை கொழும்பும் அதன் அயலும் என்பதைக் கவனித்தால், இம்முறையும் கொழும்பின் ஏட்டின்மீதே சாய்ந்து நிற்பது புலனாகும். போருக்குப் பிந்திய வீழ்ச்சியில் ஏறத்தாழ 42 சதவீதம் மலேரியா ஒழிப்பினால் வந்ததென்பது நியூமனின் முடிபு. அவரது நூல் 1965இல் வெளியாயிற்று. 1974இல் ஆர். எச். கிரே அதே வகைத் தரவுகளை மறுபடி கணித்து, அப்பங்கை 23 சதவீதமாகக் குறைத்தார்.

இரு கணிப்புகளும் மாவட்டத்தையே அலகாகக் கொண்டவை. மாவட்டங்களுக்கிடையே காணும் தொடர்பைத் தனிமனிதர்மீது ஏற்றுவது பிழையாகலாம் என டபிள்யூ. எஸ். றொபின்சன் 1950இலேயே எச்சரித்திருந்தார். மண்ணீரல் வீதம் உயர்ந்த மாவட்டத்தில் இறப்பு மிகுதி என்பது, மண்ணீரல் வீங்கிய பிள்ளைதான் இறந்தது என்பதற்குச் சான்றாகாது. அம்மாவட்டம் வைத்தியசாலைக்குத் தொலைவாகவும், உணவு குன்றியதாகவும் இருந்திருக்கலாம். மரணச் சான்றிதழைப் புரட்டிப் பார்க்கலாமே எனின், மருத்துவர் இல்லாத ஊர்களில் உறவினர் சொன்னதைப் பதிவாளர் எழுதினார். காய்ச்சல், வலிப்பு, பலவீனம் என்ற தலைப்புகளின்கீழ் எத்தனை மலேரியா புதையுண்டதோ, எத்தனை வேறு நோய்கள் மலேரியாவாயினவோ, அந்த ஏடு சொல்லாது.

இத்தனை வாதத்துக்கும் இடமளிக்காத வடிவம் ஒன்று அக்காலத்திலேயே இருந்தது. இலங்கை மண்ணிலேயே நடைமுறையிலும் இருந்தது. இங்கிலாந்தின் ரொதாம்ஸ்ரெட் ஆய்வுநிலையத்தில் ஆர். ஏ. பிஷர் உருவாக்கிய எழுமாற்று முறையே அது. நிலத்தைத் துண்டுகளாக்கி, எந்தத் துண்டுக்கு எந்தப் பசளை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தால், ஆய்வாளன் அறியாத காரணிகளும் இரு புறமும் நடுநிலையாகப் பரவிவிடும். பிஷரின் உடனாய்வாளராக அங்கு பணிபுரிந்த ரி. ஈடன் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்து, தலவாக்கலையில் அம்முறையைத் தேயிலைக்குப் பொருத்தினார். தேயிலை வயற் பரிசோதனைகளின் வழுக்கள் பற்றிய அவரது ஆய்வு 1931இல் வெளிவந்தது. துண்டு துண்டாகக் கொழுந்து கொய்து நிறுத்துக் கொடுத்த கைகள் தமிழ்ப் பெண்களின் கைகள். பிஷரின் பரிசோதனை வடிவமைப்பு நூல் 1935இல், மலேரியா இத்தீவைச் சூறையாடிய அதே ஆண்டில், வெளிவந்தது. தேயிலைச் செடிக்குக் கிடைத்த நியாயமான ஒப்பீடு மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்று கூறினால் அது கடுமையாகத் தொனிக்கும். ஆனால் உண்மை அதுவே.

மனிதருக்கும் அம்முறையைப் பொருத்தலாம் என்பதைப் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் காட்டியது. காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் பற்றிய அதன் எழுமாற்றுப் பரிசோதனை டி.டி.ரி. தெளிப்பு நடந்த அதே காலத்தில் நிகழ்ந்து, 1948இல் அறிக்கையாயிற்று. மருந்து எல்லோருக்கும் போதாதிருந்ததே அங்கு சீட்டுக் குலுக்குவதற்கு நியாயமாயிற்று. இலங்கையிலும் தெளிப்பு ஒரே நாளில் எங்கும் நடந்துவிடவில்லை. பகுதி பகுதியாகவே பரவியது. எந்தப் பகுதி முந்துவது என்பதைச் சீட்டு முடிவுசெய்திருந்தால், எவருக்கும் மருந்தை மறுக்காமலே ஒப்பீடு கிடைத்திருக்கும். 1986இல் கம்பியாவில் ஈரலழற்சித் தடுப்பூசி இவ்வாறே படிப்படியாக அறிமுகமானது. 80,000 பிணங்களைக் கண்ட நாட்டின் அதிகாரிகள், நோய் மிகுந்த இடத்துக்கு முதலில் விரைந்ததை எவர்தாம் குறைகூற முடியும்? எனினும் அவ்விரைவுக்கு ஒரு விலை இருந்தது. நோய் மிகுந்த இடமே மருந்து பெற்ற இடமுமாயிற்று. இரண்டையும் பிரித்தறியும் வழி அத்துடன் அடைபட்டது.

பின்னர் நிகழ்ந்தது எவரும் விரும்பாத ஒரு மறுபரிசோதனை. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டது. தெளிப்புப் பணி தளர்த்தப்பட்டது. 1967இல் நோய் தலைதூக்கி, 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றியது. செயலை நிறுத்தினால் விளைவு திரும்புகிறதா என்று பார்க்கும் வடிவம் இதுவாகும். நோய் திரும்பியது, மரணம் திரும்பவில்லை. தீவின் இறப்பு வீதம் அவ்வாண்டுகளிலும் ஆயிரத்துக்கு 8 என்ற அளவிலேயே நின்றது. கேகாலையோ குருநாகலோ 1935ஐ மீண்டும் காணவில்லை. மீகம தரப்பினர்க்கு இது பெரும் வலுவாகத் தோன்றலாம். ஆயினும் 1968, 1969 ஆகிய ஆண்டுகளிற் பரவியது பெரும்பாலும் கொல்லும் தன்மை குறைந்த வைவாக்ஸ் வகை. குளோரோகுயின் மாத்திரையும் அப்போது ஊர்தோறும் கிடைத்தது. அந்த மாத்திரையை டி.டி.ரி.யின் பக்கத்தில், மலேரியா ஒழிப்பின் கணக்கிற் சேர்ப்பதா, அதனை வழங்கிய கிராமிய மருந்துச்சாலையின் கணக்கிற் சேர்ப்பதா என்பதில் இரு தரப்பும் இணங்கவில்லை.